சுவருக்கு அந்தப் பக்கம்

கோவிந்தராசு வெள்ளையடிக்கும் நார் மட்டையை நிறுத்திய பிறகும் மட்டை இழுக்கும் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு இழுப்புதான் கூடுதல். ஈர நார் சுவரில் உரசிக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கும் சத்தம், பழகிய சத்தம். முன்பக்கம் கண்ணையன் அடிக்கிறான் என்று நினைத்து, மஞ்சள் காவி கலந்த சுண்ணாம்பில் மறுபடி மட்டையைத் தோய்த்தான். அப்புறம்தான் கண்ணையனை டீ வாங்க அனுப்பியிருந்தது ஞாபகம் வந்தது.

மில் மூடிக் கிடந்த எழுபத்தெட்டாம் வருடம் அது. தறி ஓட்டிய கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் மச்சினன் கண்ணையனோடு சேர்ந்து வீடுகளுக்கு வர்ணம் அடிக்கக் கிளம்பியிருந்தான். தாய் செத்த பிறகு கோவிந்தராசுவின் மனைவி கொளஞ்சி இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவன். காலையில் சோற்றுத்தூக்கைக் கொடுக்கும்போது, "சாரத்துல அவன மேல ஏத்தாத" என்று புருசனிடம் சொல்லாமல் அவள் ஒருநாளும் விட்டதில்லை.

வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்தது. சொல்தா வீடு என்றால் எல்லாருக்கும் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவருடைய மனைவி சந்திரகலா கீழ்த்தளத்தில் தனியாக இருந்தாள். பாரீசிலிருந்து மகள் வருகிறாள், வெளிச்சுவர் மட்டும் அடித்தால் போதும், உள்ளே ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

கோவிந்தராசு சவுக்குக் கம்புச் சாரத்தில் நின்றபடியே மாடிச் சுவரில் காதை வைத்தான். முழங்கை நீளத்துக்குக் கனமான பழைய சுவர், உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. பச்சைச் சுண்ணாம்பின் காரம் மூக்கில் ஏற, கன்னத்தில் குளிர்ச்சி ஒட்ட, தெருவில் போன சைக்கிள் ரிக்‌ஷாவின் மணியும் தூரத்து அலையும் அடங்கும்வரை அப்படியே நின்றான். ஒன்றுமில்லை. மட்டையை இழுத்தான். அவன் இழுத்து முடித்ததும், அதே இடத்தில், அதே வேகத்தில், உள்ளிருந்து ஒரு இழுப்பு. இடப்பக்கம் நகர்ந்தான். அதுவும் நகர்ந்தது.

சாயங்காலம் சந்திரகலாவிடம், மாடியில் வேறு ஆள் யாராவது வேலை செய்கிறார்களா என்று கேட்டான். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. மாடியில் யாரும் இல்லை, படிக்கட்டு வாசலைச் செங்கல் வைத்து அடைத்து வருசக்கணக்காகிறது என்றாள். அவன் போகத் திரும்பியபோது மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டா கேட்டுட்டுப் போங்க. பதில் மட்டும் குடுத்துடாதீங்க."

அன்றே வேலையை விட்டிருக்கலாம். வேறு வீடு கிடைக்கவில்லை. இன்னும் ஒரு சுவர்தான் பாக்கி என்று மனதைத் தேற்றிக்கொண்டான். கண்ணையனிடம் விசயத்தைச் சொல்லி, மேலே ஏறாதே என்றும் சொன்னான். அவனோ சிரித்தான்.

மறுநாள் மதியம் கோவிந்தராசு கொல்லையில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தான். வெயில் கொதித்தது. சாரத்தின் மேலிருந்து தட்டும் சத்தம். மட்டைக் காம்பால் கண்ணையன் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினான். சுவர் இரண்டு தட்டுத் தட்டியது.

"எறங்குடா கீழ."

"நல்லா வெளாடுது மாமா" என்று கண்ணையன் சிரித்தான். மட்டையைத் தோய்த்து வளைத்து வளைத்து இழுத்தான். உள்ளே அதுவும் வளைத்து வளைத்து இழுத்தது. கோவிந்தராசு வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து நிமிர்ந்து பார்த்தபோது கண்ணையன் முகத்தில் சிரிப்பு இல்லை. கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா. இப்ப அது முன்னாடி போவுது. நான்தான் பின்னாடி போறேன்."

"மட்டையப் போட்டுட்டு வாடா."

"கைய எடுக்க வரல."

கோவிந்தராசு சவுக்குக் கம்பைப் பிடித்து ஏறினான். கயிறு வழுக்கியது. சாரம் ஆடியது. மேலே சத்தம் வேகமெடுத்தது. ஒரு மட்டையா, இரண்டா, பிரிக்க முடியவில்லை.

"மாமா, இங்க செவுரு இல்ல."

அவ்வளவுதான் சொன்னான்.

கோவிந்தராசு பலகையில் காலை வைத்தபோது அங்கே ஆள் இல்லை. கீழே யாரும் விழவில்லை. வர்ணவாளி கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது. சுவரை இரண்டு கையாலும் அறைந்தான். கல். வெறும் கல்.

கொல்லை மூலையில் கிடந்த கடப்பாறையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் புகுந்தான். சந்திரகலா நாற்காலியை விட்டு எழவில்லை, தடுக்கவும் இல்லை. படிக்கட்டு வாசலின் செங்கல் அடைப்பில் அவன் முதல் குத்துக் குத்தியபோது அவள் குரல் பின்னால் வந்தது.

"என் வீட்டுக்காரரத் தேடி நானும் இப்படித்தான் ஒடைச்சேன். பாத்தேன். திரும்பக் கட்டிட்டேன்."

அவன் உடைத்தான். ஆள் நுழையும் அளவுக்கு வழி கிடைத்ததும் உள்ளே ஊர்ந்தான். தூசி. வௌவால் நாற்றம். இருட்டுப் படிகள். மேலே போகப் போக வேறு வாசனை. பச்சைச் சுண்ணாம்பு.

அறைக்கதவு திறந்துதான் இருந்தது. ஓட்டுச் சந்தில் ஒழுகிய வெயிலில் நாலு சுவரும் மஞ்சளாக நின்றன. அவன் கையால் கலந்த மஞ்சள். ஈரம் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. தரையில் ஒரு காலடி இல்லை. மட்டை இல்லை. யாரும் இல்லை.

சாரம் நின்ற பக்கத்துச் சுவரில் மட்டும் ஒரு இடம் வர்ணம் படாமல் இருந்தது. பழைய சாம்பல் நிறம். ஆள் உயரம். தலை. தோள். விரித்த இரண்டு கை.

"கண்ணையா."

ஈர நாரின் சத்தம். தலை மஞ்சளாகிப் போனது. இன்னொரு இழுப்பு. தோள். மார்பு. அவசரமே இல்லாமல், ஒரு திட்டு விடாமல்.

கோவிந்தராசு பாய்ந்து போய் உள்ளங்கையால் அந்த ஈரத்தை வழித்தான். வழிக்க வழிக்க அடியிலும் மஞ்சள்தான். கால் போனது. ஒரு கை போனது. மிச்சமிருந்தது வலது கை மட்டும். சாம்பல் நிறத்தில், அஞ்சு விரலும் தெளிவாக.

மஞ்சள் மணிக்கட்டைத் தாண்டியது. சுவரில் இருந்த அந்த விரல்கள், ஈரம் கிட்டே வர வர, ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின.