நடுவில் விட்ட இடம்

திங்கட்கிழமை ஸ்நேகா அந்த மூட் போர்டில் பதினொரு துண்டுகள்தான் குத்தியிருந்தாள். வியாழன் மதியம் பன்னிரண்டு இருந்தன.

வழுதக்காட்டில் மாடியிலிருந்த அந்தச் சின்ன இன்டீரியர் ஆபீசில் மழை நாட்களில் மதியம் இரண்டு மணிக்கே விளக்கு போட்டாக வேண்டும். பசையும் புது பிளைவுட்டும் ஈரக்குடைகளும் சேர்ந்து ஒரு புளித்த வாடை. அந்த வாடைக்கு நடுவே நின்று அவள் பன்னிரண்டாவது துண்டைப் பார்த்தாள். மஞ்சள் பருத்தித் துணி, ஓரத்தில் ஊதா மார்க்கரில் கிறுக்கிய மீன். அந்த மீனை வரைந்தது அவளுடைய ஐந்து வயது மகள் மேதா. வரைந்த இடம், வலியசாலையில் அவர்கள் வீட்டில் குழந்தையின் அறைத் திரைச்சீலை. அதற்காகக் குழந்தையைத் திட்டியதுகூட ஸ்நேகாவுக்கு ஞாபகமிருந்தது.

மூட் போர்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அறை உருவாகும் முன்பே அதன் சாயலைப் பலகையில் குத்திக் காட்டுவது. திரைக்கு ஒரு துணி, சுவருக்கு ஒரு நிறம், தரைக்கு ஒரு மரச்சில்லு. அறை யாருக்கோ, அவருக்கென்று நடுவில் கொஞ்சம் இடம் விடுவார்கள். கஸ்டமருக்குப் பிடித்த துண்டின் கீழே அவர் கையாலேயே பச்சை டிக் விழும். மீனுக்குக் கீழேயும் ஒரு டிக் இருந்தது. தொட்டாள். மை விரலில் ஒட்டியது.

இந்தப் பலகை வித்துராவிலிருந்து வந்த ஒரு மலையாளச் சேச்சிக்காக. மகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று திங்களன்று வந்திருந்தார். அன்று நல்ல வெயில், ஆனால் அவர் புடவைக் கரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மகளின் போட்டோ கேட்டதற்கு இல்லை என்று தலையசைத்து, ஸ்நேகாவின் மேசையிலிருந்த மேதாவின் படத்தைக் காட்டி, இத்தனை உயரம்தான் என்றார். அளவுக்கு இருக்கட்டுமே என்று ஸ்நேகா அந்தப் படத்தையே பலகை நடுவில் குத்தினாள். கிளம்பும்போது சேச்சி அதன்மேல் விரல் வைத்தார்.

"மோளெ ஞான் எடுக்காம்."

கும்பகோணத்திலிருந்து வந்து மூன்றே மாதம் ஆகியிருந்த ஸ்நேகா, தன்னை மகளே என்று அழைத்து, அந்தப் படம் வேண்டாம், எடுக்காம விடு என்கிறார் என்று புரிந்துகொண்டாள். பிறத்தியார் குழந்தையின் படம் எதற்கு, நியாயம்தானே. "ஆயிக்கோட்டே சேச்சி" என்று, தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சிரித்தபடி சம்மதம் சொல்லிவிட்டு, படத்தைக் கழற்றி டிராயரில் போட்டாள். நடுவில் வெறும் குண்டூசி மட்டும் நின்றது.

இப்போது அவள் கணவனுக்கு போன் செய்தாள். மேதாவுக்கு ஜலதோஷம் என்று சுமந்த் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை தூங்குகிறாள் என்று சொல்லி, போனை அவள் முகத்தருகே கொண்டுபோனான். அடைத்த மூக்கிலிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்து வந்து போயிற்று. ஸ்நேகாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

"ஆமா, தெரச்சீலை எங்கடி? தோய்க்கப் போட்டியா?" என்றான் அவன்.

அவள் ஏதோ சொல்லி போனை வைத்தாள். திரும்பினாள். பலகையில் பதின்மூன்றாவதாக ஒரு சுண்ணாம்புப் பொருக்கு இருந்தது. இளம்பச்சை. அதில் பென்சில் கோடு, பக்கத்தில் அவள் கையெழுத்தில் நூற்று நாலு. வீட்டுச் சுவரில் குறித்துவைத்த மேதாவின் உயரம். அதன் கீழேயும் டிக்.

அவளுக்குப் பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் யாரையாவது கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது. பையை எடுத்தாள், வீட்டுக்குப் போய்விட வேண்டும். வாசலை மறித்துக்கொண்டு டைல் சாம்பிள் பெட்டி கிடந்தது. நகர்த்தக் குனிந்தபோது, ஆபீசில் பிளான் வரையும் பிரஜின் எழுந்து வந்தார்.

"விட்டேக்கூ. பெட்டி ஞான் எடுக்காம்."

சொன்னார். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

ஸ்நேகா குனிந்தபடியே நின்றாள்.

எடுக்காம். எடுத்துக்கொள்கிறேன்.

மோளெ ஞான். மகளை நான்.

ஆயிக்கோட்டே என்று சொன்னது அவள்தான். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மறுபடி போன் செய்தாள். சுமந்த் எடுத்ததும், குழந்தையைத் தூக்கிக்கொள், இப்போதே தூக்கிக்கொண்டு வெளியே வா என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை, அவள் குரல் அப்படி. அவன் நடப்பது கேட்டது. கதவு திறப்பது கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

"சுமந்த்."

"கட்டில்ல இல்லடி." அவன் குரல் மிகச் சின்னதாகியிருந்தது. "தலகாணியும் இல்ல. இப்பதானே பாத்துட்டு வந்தேன். தரையெல்லாம் ஜலமா இருக்கு."

ஸ்நேகாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

மெல்லிய விசில். வந்தது. போயிற்று.

திரும்பினாள்.

பலகையின் நடுவில், அவள் விட்டிருந்த இடத்தில், வெள்ளைத் தலையணை உறையின் ஒரு துண்டு. உள்ளங்கை அளவு. தேங்காய் எண்ணெய் வாசம். துண்டு மெதுவாக எழும்பியது. தாழ்ந்தது. எழும்பும்போதெல்லாம் விசில்.

அதன் நடுவே குண்டூசி. கீழே பச்சை டிக்.

பிடுங்கிவிடலாம் என்று ஊசியில் விரல் வைத்தாள். துணி இளஞ்சூடாக இருந்தது. ஊசியை லேசாக இழுத்தாள்.

மூச்சு நின்றது.

விரலை எடுத்தாள். சற்று நேரம் கழித்து, துண்டு மறுபடி எழும்பியது.