நிறைந்த அலமாரியின் சத்தம்

தடால்!

மூன்றாவது தட்டு கழன்று விழுந்தது. அபாரம்! ஹெட்போனுக்குள் அந்த அதிர்வு மெல்ல அடங்குவதைக் கண்ணை மூடி ரசித்தாள் பெர்மெட். இன்னும் மூன்று விநாடி... இரண்டு...

"யாரு உள்ளே? உயிரோட இருக்கீங்களா?"

போச்சு!

மழையில் சொட்டச் சொட்ட ஒருவன் பாய்ந்து வந்தான். சாய்ந்து கிடந்த அலமாரியை ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினான். அடியில் யாரும் இல்லை. திகைத்துத் திரும்பினான். மூலையில் மைக்கும் கையுமாக, உதட்டில் விரல் வைத்தபடி ஒரு பெண்!

ஈர இமைகளுக்குள் பதறிப்போன பழுப்புக் கண்கள்... திட்ட வாயெடுத்த பெர்மெட் அவற்றையே பார்த்தாள். ஒரு விநாடிதான்.

"நல்ல டேக்கைக் கெடுத்துட்டீங்களே, பைகே!" அந்த ஊரில் 'அண்ணே' என்பதற்கு அதுதான் சொல்.

"போன்ல கேட்ட பொண்ணு நீங்கதானா? அலமாரியைத் தட்டிப் பார்க்கணும்னுதானே சொன்னீங்க? இடிச்சுத் தள்ளணும்னு சொல்லலையே!"

பிஷ்கெக்கின் பழைய மரச்சாமான் சந்தையில் அது மிர்லானின் கடை. சாப்பிடப் போகும் நேரத்தில் வந்து சத்தம் பிடித்துக்கொள்ளட்டும் என்று அனுமதித்தவன், மழை வலுக்கவே பாதியில் திரும்பிவிட்டான்.

பெர்மெட்டின் தொழில், படங்களுக்குச் சத்தம் சேர்ப்பது. நான்கு வருடமாக உதவியாள். இந்தப் படத்தில்தான் முதன்முறையாகத் திரையில் அவள் பெயர் வரப்போகிறது... ஒரே ஒரு காட்சி சரியாக அமைந்தால். வீட்டைப் பிடுங்க வரும் உறவினர்களைத் தடுக்க, ஒரு விதவை அலமாரியைத் தனியாகத் தள்ளி வாசலை அடைக்கிறாள். நாற்பது விநாடி. வசனமில்லை, இசையில்லை. அலமாரி மட்டும்தான் பேச வேண்டும்.

காட்சியைக் கேட்டதும் மிர்லான் சிரித்தான். "வெறும் அலமாரியைப் போட்டு அடிக்கிறீங்களே? காலி அலமாரி ஊரைக் கூட்டும். நிறைஞ்ச அலமாரி முனகத்தான் செய்யும். நிறைகுடம் தளும்புமா?"

"நாலு வருஷமா இதுதான் பைகே எனக்குச் சோறு போடுது. நீங்க விக்கிற வேலையைப் பாருங்க!"

விசுக்கென்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மாலையில் டைரக்டர் தாலாய்பெக் பத்து விநாடிகூடக் கேட்கவில்லை. கையை உயர்த்தினார்.

"முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவ வீட்டு அலமாரியா இது? உள்ளே டீ குடிக்கிற ஒரு பியாலாகூட இல்லையே! நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம். இல்லேன்னா வெளிநாட்டுச் சத்தத்தை வாங்கிப் போட்டுக்கறேன். உன் பேரும் வேண்டாம்."

காதில் கேட்டது டைரக்டரின் குரல். கண்முன் வந்ததோ அந்தப் பழுப்புக் கண்களின் சிரிப்பு. ச்சே!

மறுநாள் காலை. மழை விட்டபாடில்லை. கடை வாசலில் வந்து நின்றாள். தன்மானம் காலைப் பிடித்து இழுத்தது. உள்ளே போகவா... திரும்பிவிடவா...

"நனையாம உள்ளே வந்து ரோஷப்படலாமே?" உள்ளிருந்து குரல்.

"நீங்க சொன்னதுதான் சரி, பைகே. போதுமா?"

"போதாது. 'பைகே'யை விட்டுடணும். அண்ணன் ஆக எனக்கு ஆசையில்லை."

அவள் முகம் சிவந்தது. அதற்குள் அவன் பக்கத்துக் கடைகளுக்கு ஓடிவிட்டான். பியாலாக்கள், ஜாம் பாட்டில்கள், மெத்தைகள், யாரோ ஒருவரின் கல்யாணத் தட்டுகள்... சந்தையே ஆளுக்கொன்று கொடுத்தது. அலமாரி நிறைந்தது.

"நான் தள்ளறேன், நீங்க பிடிங்க" என்று தோள் கொடுத்தான்.

அலமாரி நகர்ந்தது. ஹெட்போனில்... ஒன்றுமே இல்லை! பூனை நடந்த மாதிரி!

குனிந்து பார்த்தாள். கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டுகள். அவனையும் அறியாமல் கை செருகியிருந்தது.

"ஐயோ... பன்னெண்டு வருஷமா ஒரு கண்ணாடிகூடச் சிணுங்காம நகர்த்திப் பழகிட்டேன்." கம்பளியை உருவிவிட்டு மறுபடி தள்ளினான். இப்போதும் எடையை இரண்டு பக்கமும் சமமாகத் தாங்கி, அலுங்காமல் நகர்த்தினான்.

பெர்மெட் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களுக்கு மோசமா வேலை பார்க்கவே தெரியலையே! நகருங்க. அந்த விதவைக்கு மட்டும் தெரிஞ்சா தள்ளினா?"

ஹெட்போனை அவன் தலையில் மாட்டினாள். மைக்கைக் கையில் திணித்தாள். "அசையக் கூடாது. மூச்சு விடக் கூடாது."

வெளியே மழை சற்று ஓய்ந்திருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அலமாரி அசைய மறுத்தது. பல்லைக் கடித்தாள். ஒரு முனகல்... தரையைக் கீறும் கரகரப்பு... உள்ளே பியாலாக்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கின. ஒரு சாண். இன்னொரு சாண். கடைசியில் சுவரில் மோதி, மொத்தப் பாத்திரமும் பெருமூச்சு விட்ட மாதிரி அடங்கியது.

நிமிர்ந்தாள். மைக்கைப் பிடித்தவன் அலமாரியைப் பார்க்கவில்லை.

மத்தியானம் டைரக்டர் இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான் வீடு! ஆமா... கடைசியில ஒரு ஆம்பிளை மூச்சு கேக்குதே? அவ தனியா இருக்கா. அதை வெட்டிடு. பேரை எழுதிக் கொடுத்துட்டுப் போ."

வெட்டினாள். பெயரையும் எழுதிக் கொடுத்தாள். அப்புறம் வண்டி பிடித்து நேரே சந்தைக்கு வந்தாள்.

மிர்லான் இரவல் பியாலாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் காதில் ஹெட்போனை மாட்டினாள். ஒரே ஒரு நீண்ட மூச்சு... அவ்வளவுதான்.

"என்னது இது?"

"நீங்க. படத்துல வேண்டாம்னு வெட்டச் சொன்னார். வெட்டிட்டேன்." குரல் இறங்கியது. "தூக்கிப் போடத்தான்... மனசு வரலை, மிர்லான்."

கையிலிருந்த பியாலாவை மிக மெதுவாகக் கீழே வைத்தான். சத்தமே வரவில்லை.

"இப்ப இந்த மைக் ஓடுதா?"

"இல்லை."

"ஓட விடு. இதை ரெண்டாவது தடவை சொல்ற தைரியம் எனக்கு வராது."

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"நேத்திக்கு ஓடி வந்தப்போ, அலமாரிக்கு அடியில யாரும் இல்லைன்னதும் உசிரு வந்துச்சு. திரும்பி உன்னைப் பார்த்ததும் அது மறுபடி போயிடுச்சு. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, பெர்மெட். வாழ்க்கை முழுக்கப் பிடிக்கும்."

தகரக் கூரையில் மழை மறுபடி சடசடத்தது. கண்ணில் நீர் முட்ட, உதட்டில் குறும்பு துளிர்க்க, அவள் பொத்தானை அணைக்காமலே சொன்னாள்:

"மழைச் சத்தம் விழுந்துடுச்சு... இன்னொரு டேக் போகலாமா?"