ஆண்டாளின் கைக்கு வலி இல்லை

ரேஷன் கடை மெஷின் ஆண்டாளின் கட்டைவிரலை மூன்றாவது முறையும் ஏற்கவில்லை.

"மண்ணு வேலை செய்யறவங்க கையில ரேகை எங்க இருக்கும்? கண்ணைக் காட்டுங்கக்கா," என்றான் கடைக்காரன் பச்சமுத்து. வரிசை சிரித்தது. ஆண்டாளும் சிரித்தாள்.

கனிமொழி சிரிக்கவில்லை. அம்மாவின் விரலை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். முப்பது வருடம் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மை தேய்த்த கை. காய்ப்பும் வெடிப்புமாக இருக்க வேண்டிய அந்தக் கை, பிறந்த குழந்தையின் உள்ளங்கால் போல வெளுத்து, ஈரமாக, மடிப்பே இல்லாமல் இருந்தது. ஒரு சொட்டு மழையைக் காணாத அந்தக் கத்திரி வெயிலில், அதிலிருந்து முதல் மழை விழுந்த புழுதியின் வாசனை வந்தது.

வீட்டில் ஆண்டாள் கொதிக்கும் சோற்றுப் பானையைத் துணியில்லாமல் இறக்கினாள்.

"அம்மா! கை!"

"என்னாடி கத்துற? சுடல." அவள் விரல்களை நீட்டி மடக்கிக் காட்டினாள். "வலியும் இல்ல பாப்பா. ராவெல்லாம் கையப் புடிச்சிக்கிட்டு அழுவனே, பத்து நாளா நல்லா தூங்குறன். கொளஞ்சியப்பர் கோயில்ல சீட்டுல எழுதிப் பிராது கட்டனன் இல்ல, சாமி படிச்சிட்டாரு."

பத்து நாள். கனிமொழி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்த அவளுடைய தட்டுகள் காணாமல் போயும் பத்து நாள்தான். கோடை விடுமுறைக்கு ஆய்வகத்தைப் பூட்டியதால் வீட்டுக்குக் கொண்டுவந்த பாக்டீரியா தட்டுகள் அவை. குக்கரில் நன்றாக வேகவைத்துப் புதைக்க வேண்டும் என்று ஜன்னலோரம் வைத்திருந்தாள். காணவில்லை என்றதும், அம்மாதான் புதைத்திருப்பாள் என்று விட்டுவிட்டாள்.

"அந்தத் தட்டெல்லாம் எங்கம்மா?"

"அதுவா? எவ்ளோ நல்ல மண்ணு வாசன அது! யாராச்சும் புதைப்பாங்களா? பாலுக்கு உறை ஊத்தற மாதிரி எங்க தொட்டி மண்ணுல கரைச்சிட்டன். மண்ணு வெண்ணையாட்டம் ஆயிட்டுது. மேஸ்திரியே கேக்கறாரு, என்னா மந்திரம் போட்டன்னு." செருப்பை மாட்டினாள். "சோறு தின்னுடி. போயிட்டு வரேன்."

கனிமொழி சோற்றைத் தொடவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள்.

ஒரு பாக்டீரியாவின் முழு மரபணு வரிசையையும் கணினியில் போட்டு, அதற்கு என்னென்ன ரசாயனம் செய்யத் தெரியும் என்று தோண்டிப் பார்ப்பதுதான் அவள் படிப்பு. ஒரு ரசாயனத்துக்கு வேண்டிய ஜீன்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒரே தெருவில் வேலைக்காரர்கள் குடியிருப்பது போல. அவளுடைய பாக்டீரியா இதே எஸ்டேட்டின் பழைய மண் தொட்டியிலிருந்து எடுத்தது. அதில் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு தெரு இருந்தது. இரண்டு வருடம் விதவிதமான தீனி போட்டும் அது விழிக்கவில்லை. "மண்ணுல இருந்து வந்தவ மண்ணத்தான் கொண்டாருவா," என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார் வழிகாட்டிப் பேராசிரியர். அந்தச் சிரிப்பு அவள் காதில் இன்னும் இருந்தது.

இப்போது ஒவ்வொரு ஜீனாக மறுபடியும் ஒப்பிட்டாள். மின்விசிறி நின்றுபோயிருந்தது. வேர்வை விசைப்பலகையில் சொட்டியது.

முதல் ஏழு ஜீன்கள் நரம்பை மரத்துப் போகச் செய்யும் ஒரு பொருளைக் கட்டும் என்று தோன்றியது. சரி. அதை விழிக்க வைக்கும் பொத்தான் போன்ற ஜீன் ஒன்று. அதற்கு வேண்டியது மனிதத் தோலின் எண்ணெய்ப் பசை. கண்ணாடித் தட்டில் அவள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள், ஒரு கையைத் தவிர.

பாக்டீரியா எதற்கு வலியைப் போக்க வேண்டும்? அதற்கென்ன இரக்கமா?

மீதி மூன்று ஜீன்களுக்கு வந்தாள். தோலைக் கரைப்பது. தசைநாரைக் கரைப்பது. கரைந்ததை உறிஞ்சுவது. கூட்டம் போதுமான அளவு பெருகியதும் மூன்றும் ஒரே நேரத்தில் விழிக்கும்.

முதலில் மரத்துப் போக வைக்கும். பிறகு தின்னும்.

அம்மா போனை எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போன் பையில் கிடக்கும். பேராசிரியர் எடுத்தார். முழுதும் கேட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அம்மா கையில இருந்து ஒரு சாம்பிள் எடுத்துடு. என்ன?"

"நாசமாப் போங்க சார்," என்றாள். சைக்கிளை எடுத்தாள்.

எஸ்டேட் சாலை. வெள்ளைப் புழுதி. சூளைப் புகை. வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனாலும் மழை வாசனை. கேட்டைத் தாண்டியதும் இன்னும் அடர்ந்தது. தொண்டைக்குள் இறங்கியது. இனித்தது.

கொட்டகைக்குள் சிரிப்புச் சத்தம்.

தொட்டியைச் சுற்றி நான்கு பெண்கள். முழங்கை வரை வெள்ளை மண். பக்கத்தில் குழந்தை முகப் பொம்மைகள் வரிசை வரிசையாக. ஒரு நாளும் இத்தனை செய்ததில்லை. கைகள் அப்படி ஓடின.

"வந்துட்டாங்கடி டாக்டரு," என்றாள் அவர்களில் ஒருத்தி, கனகா. "ஆண்டாளு, ஒம் பொண்ணுக்கு ஒரு சேரு போடு."

"அம்மா. கையை வெளிய எடு."

"கைவேலையா இருக்கன்டி."

"எடும்மா!"

ஆண்டாள் சலித்துக்கொண்டே எடுத்தாள். கனிமொழி குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றினாள். மண் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது. மண் மட்டும் இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே சதை எதுவும் நிற்கவில்லை.

வெள்ளையாக ஐந்து குச்சிகள்.

ரத்தம் இல்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஆண்டாள் குனிந்து பார்த்தாள். நெற்றி லேசாகச் சுருங்கியது. பிறகு, ஈரம் காயும் முன் முடிக்க வேண்டுமே என்பது போல, ஒரு பொம்மையை மடியில் எடுத்து வைத்து, அதன் கன்னத்தில் ஆள்காட்டி எலும்பை வைத்து இழைத்தாள்.

"பாரேன் பாப்பா," என்றாள், கண்கள் மின்ன. "என்னா வழவழன்னு வருது."

மற்ற மூவரும் பார்ப்பதற்காகத் தொட்டியிலிருந்து கையை எடுத்தார்கள்.