கழித்துப் பார்க்காத நேரம்

காலை 10.20.

ஐந்தாவது நோயாளிக்கும் பொட்டாசியம் எகிறிவிட்டது என்று லேபிலிருந்து போன் வந்தபோது, இன்ஸ்பெக்டர் தலைமை டாக்டரின் அறையில்தான் இருந்தார். இதய நோய்க்கான புது மாத்திரை ஒன்றை அந்த ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தில் இந்த உப்பு அளவு மீறினால் இதயம் நின்றுவிடும். மாத்திரைக்கு அதை ஏற்றிவிடும் குணம் கிடையாது. யாரோ வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள் என்பதுதான் புகார். மூன்றாவது ஆள் நினைவு தப்பித் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்.

ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் சுத்தமாக டைப் செய்த பட்டியலை நீட்டினார். "அஞ்சு பேருக்கும் ரத்தம் எடுத்தது மாலை ஷிப்ட் நர்ஸ்தான் சார். வேற யாரும் கிட்டப் போகல."

அந்த நர்ஸை அடுத்த அறையில் ஒரு பெண் போலீஸின் காவலில் உட்கார வைத்திருந்தார்கள்.

"ஈசிஜி என்ன சொல்லுது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அதான் பிடிபடல. எல்லாருக்குமே நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர். "அதுக்காகக் கையைக் கட்டிட்டு நிக்க முடியுமா? முதல் நாலு பேருக்கும் அளவை இறக்க ஊசி போட்டோம். இந்த அஞ்சாவது ஆளுக்குப் பதினோரு மணிக்குப் போடணும்."

வழக்கு கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். ஐந்துக்கு ஐந்தும் தற்செயலாக அமையாது என்று எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ள, இன்ஸ்பெக்டர் லிப்டை ஒட்டிய சின்ன அறைக்குப் போனார். ஆய்வில் சேரும் எண்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு அலசுகிற பெண்ணின் அறை அது. எதைக் கேட்டாலும் திரையில் புள்ளி வைத்துக் காட்டுவாள். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குப் 'புள்ளியக்கா' என்று பேர்.

10.32.

"அஞ்சு வரிதானே இருக்கு? மத்ததெல்லாம் எங்கே?" என்றாள் பட்டியலைப் புரட்டியபடி.

"மத்தவங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே!"

"ஆகாதவங்களைப் பார்க்காம, ஆனவங்களுக்கு ஏன் ஆச்சுன்னு எப்படி சார் சொல்றது?"

மொத்தக் கோப்பையும் திறந்தாள். நானூற்றுப் பதினெட்டு பரிசோதனைகள். அந்த நர்ஸ் ரத்தம் எடுத்தவை நாற்பத்தாறு. அதில் நாற்பத்தொன்று சாதாரணம்.

"சந்தர்ப்பம் பார்த்துச் செஞ்சிருக்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"செஞ்சிருக்கலாம். பார்த்துடுவோம்."

வயது, படுக்கை, மாத்திரை அளவு என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் புள்ளிகள் கொட்டிய கடுகாகச் சிதறின. அவள் அசரவில்லை. ரத்தம் எடுத்த நேரத்தை நர்ஸ் குழாயில் எழுதுகிறாள். பரிசோதித்த நேரத்தை லேப் மெஷின் தானாகவே பதிகிறது. இரண்டும் தனித்தனிப் பத்தியில் பேசாமல் கிடந்தன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்லி ஒரு வரி தட்டினாள்.

திரை சட்டென்று தெளிவானது. இடது ஓரம் ஒரே கொத்து. வலது உச்சியில் தனியாக ஐந்து புள்ளிகள்.

"கொத்துல இருக்கிறதெல்லாம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேபுக்குப் போனது. இந்த அஞ்சும் போக பதினாறு, பதினேழு மணி நேரம் ஆயிருக்கு."

"ஒருங்கிணைப்பாளரோட பதிவேட்டில் அன்னைக்கே சாயங்காலம் அனுப்பினதா இருக்கே?"

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். மணி என்ன?"

10.53.

பதிலுக்குக் காத்திராமல் படியேறி ஓடினாள். இன்ஸ்பெக்டருக்கு மூச்சு வாங்கியது. வார்டில் ஊசி தயாராக இருந்தது.

"டாக்டர், நிறுத்துங்க! நீங்களே புதுசா ரத்தம் எடுத்து உடனே லேபுக்கு அனுப்புங்க. பத்தே நிமிஷம்."

"ஏடாகூடமா ஏதாவது ஆயிட்டா?"

"ஈசிஜி மெஷினை மாட்டி வையுங்க. கோடு கொஞ்சம் மாறினாலும் ஊசியைப் போட்டுடுங்க."

குரலில் நடுக்கமில்லை. இன்ஸ்பெக்டர் அவளையே கவனித்தார். எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்தவர்தான். தன் கண்டுபிடிப்பு தப்பாகிப்போனாலும் நோயாளி பிழைக்க வழி வைத்துவிட்டுப் பேசியவரைப் பார்த்ததில்லை.

11.06. லேபிலிருந்து பதில் வந்தது. நேற்றைய குழாயில் 6.9. இப்போது எடுத்ததில் 4.3. சாதாரண அளவு.

"விஷமே கிடையாது," என்றாள் புள்ளியக்கா. "ரத்தத்தை அப்படியே மணிக்கணக்கா பிரிட்ஜில வெச்சா, அணுக்களுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் வெளியே கசிஞ்சிடும். ஏறினது குழாய்க்குள்ள, உடம்புக்குள்ள இல்ல. மூணாவது ஆளை மயக்கத்துல தள்ளினது நாம போட்ட ஊசி. சரியா இருந்த அளவையும் அது இறக்கிடுச்சு."

டாக்டர் முகம் வெளுத்துப்போய், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினார்.

பின்னாலேயே வந்து நின்ற ஒருங்கிணைப்பாளர் பக்கம் இன்ஸ்பெக்டர் திரும்பினார். "குழாய்களை லேபுக்கு அனுப்புறது உங்க பொறுப்பு. அந்த அஞ்சு சாயங்காலமும் எங்கே போனீங்க?"

"வேற ஒரு கிளினிக்ல... பகுதி நேர வேலை சார். பிரிட்ஜில வெச்சா கெடாதுன்னு நெனச்சேன்."

"அது தெரியாம செஞ்சது. பதிவேட்டில் பொய் எழுதினதும், அந்தப் பொண்ணு பேரை இந்தப் பட்டியலில் டைப் பண்ணினதும்?"

இன்ஸ்பெக்டர் அந்தப் பட்டியலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த அறைக் கதவை இன்ஸ்பெக்டரே திறந்தார். நர்ஸ் துள்ளி எழுந்தாள். வார்டில் ஆட்கள் ஓடிய சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது. தன்னை விட்டுவிட்டார்களா என்று அவள் கேட்கவில்லை.

"அந்த அஞ்சாவது பேஷண்ட் எப்படி இருக்கார் சார்?"

"நல்லா இருக்கார்மா. நீயும் வீட்டுக்குப் போகலாம்." விலகி வழிவிட்டு, பின்னால் நின்ற புள்ளியக்காவைக் காட்டினார். "ரெண்டுக்கும் இவங்கதான் காரணம்."