கயிறு பிடித்தவர்களுக்குப் பங்கு

ஏழு கடல்களையும் வென்ற பேரரசர் ஆழிவேந்தன் உடப்புக் கடற்கரையில் வந்து இறங்கினார். பஸ்ஸில் வந்ததால் வழியில் அவருக்கு இரண்டு தடவை வாந்தி.

பேரரசரின் சொந்தப் பெயர் அருள்குமரன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட மாணவன். யுத்தம் முடிந்து மூன்று வருடமாகியிருந்தது. பல்கலைக்கழக நாடகக் குழு ஒரு பழைய சரித்திர நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டு போய்க்கொண்டிருந்தது. அதை நெறிப்படுத்தியவர் விரிவுரையாளர் யோகேஸ்வரன். "சரித்திரமெண்டால் விளையாட்டில்லை" என்று பத்து நிமிடத்துக்கு ஒருதரம் சொல்வார்.

காலை ஒத்திகையில் தளபதியின் அட்டை வாள் வாழையிலை மாதிரி மடங்கியது. பத்து வயதுச் சுஜாந்தி சிரித்துவிட்டாள். ஊர்ப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

விரிவுரையாளர் நாடகம் நடக்கும் இடத்தைச் சுற்றி நைலோன் நூல் கட்டினார்.

"பின்னேரம் பிள்ளையள் ஒருத்தரும் உள்ள வரக்கூடாது. ராசாவைப் பார்த்துச் சிரிக்கிற ஆக்களுக்கு இங்க இடமில்லை!"

சுஜாந்தி நாடகமே பார்த்ததில்லை. இரண்டு கிழமையாக இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தாள்.

"இது எங்கட கரை, சேர்."

"கரை உங்கட. நாடகம் என்ர!"

பின்னேரம் பெரியவர்கள் உள்ளே கதிரைகளில் அமர்ந்திருக்க, பிள்ளைகள் எல்லோரும் நூலுக்கு வெளியே வரிசையாகக் குந்தியிருந்தார்கள். விரிவுரையாளர் முறைத்தார்.

"நூலுக்கு இந்தப் பக்கம் கரைதானே சேர்? நாங்க கரையில இருக்கிறம்" என்றாள் சுஜாந்தி.

நாடகம் தொடங்கியது. பேரரசரின் வெற்றிக் கப்பல் வர வேண்டிய கட்டம். பலகைக் கப்பல், அடியில் நாலு சில்லு, மேலே பேரரசர். கட்டி இழுக்கும் கயிறு மீனவர்களிடம் காலையில் இரவல் வாங்கியது; கரையில் நின்று மீன்வலை இழுக்கும் கரைவலைக் கயிறு.

பத்துப் படைவீரர்கள் இழுத்தார்கள். ஒருவன் இழுக்கும்போது மற்றவன் மூச்சு வாங்கினான். சில்லு மணலில் புதைந்தது. ஏழு கடல் தாண்டிய கப்பல் ஏழடி மணலைத் தாண்டவில்லை.

சுஜாந்தி எழுந்து நூலைத் தாண்டினாள்.

"எங்க போறாய்?" என்று தோழி கோபிகா பதறினாள்.

"இழுக்க. நீயும் வாடி!"

பிள்ளைகள் முழுப்பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். சுஜாந்தி குரலெடுத்தாள்.

"ஏலேலோ... கப்பல் கனக்குது!"

"ஏலேலோ!"

"ஏலேலோ... ராசா கனக்கிறார்!"

"ஏலேலோ!"

கப்பல் அசையவில்லை.

"அண்ணா, இறங்கி நீங்களும் பிடிங்க!"

"பேரரசர் கயிறு பிடிக்கக்கூடாது!" என்று விரிவுரையாளர் அலறினார்.

"அப்ப அவர் விடியுமட்டும் இங்கயே நிக்கட்டும்."

பேரரசர் குதித்து இறங்கினார். கயிற்றைத் தோளில் போட்டு, முகத்தை அதில் அழுத்தி இழுத்தார். கப்பல் சிம்மாசனத்தடியில் போய் நின்றது. சனம் கைதட்டியது.

"சரி, சரி. வெளிய போங்கோ" என்றார் விரிவுரையாளர்.

சுஜாந்தி நகரவில்லை. "பங்கு தாங்க, சேர்."

"என்ன பங்கு?"

"கரைவலைக் கயிற்றில கை வைச்ச ஆளுக்குப் பங்கு குடுக்கோணும். சின்னப்பிள்ளை பிடிச்சாலும் ஒரு கை சூடை மீன் கிடைக்கும். இது எங்கட கரையில உள்ள வழக்கம்."

"இங்க மீன் எங்க இருக்கு?"

"மீன் இல்லாட்டி நாடகத்தைத் தாங்க. கதிரை வேணாம். கதிரைக்கு முன்னால மணல் போதும்."

"குடுங்க சேர்! கயிறு எங்கட!" என்று பின்னாலிருந்து மீனவர்கள் சத்தம் போட்டார்கள்.

விரிவுரையாளர் பல்லைக் கடித்தார். "இருங்கோ. ஆனால் சிரிக்கிற ஆள் நூலுக்கு வெளிய போகோணும். ஆரெண்டாலும்!"

"ஓம் சேர். ஆரெண்டாலும்."

பிள்ளைகள் முன்னால் அமர்ந்தார்கள். பேரரசர் சிம்மாசனத்தில் ஏறி நின்று கர்ச்சித்தார்.

"என் மீசையைக் கண்டால் ஏழு கடலும் நடுங்கும்!"

மீசை இடது பக்கம் மட்டும்தான் இருந்தது. மற்றப் பாதி கயிற்றில் ஒட்டிக் கிடந்தது.

சுஜாந்தி உதட்டைக் கடித்தாள். கோபிகா பாவாடை ஓரத்தை வாய்க்குள் திணித்தாள். பிள்ளைகள் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மீதி நாடகத்தை விரிவுரையாளர் யோகேஸ்வரன் நூலுக்கு வெளியே நின்று பார்த்தார்.