முந்திக் கேட்ட இருமல்

முதலில் இருமல் கேட்டது. அப்பா இருமியது அதற்குப் பிறகு.

அவள் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் மல்லாந்திருந்த அப்பா, இருமி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் நெஞ்சின்மேல் மகள் அழுத்திப் பிடித்திருந்த சிறு வட்டத்தைக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார்.

“என்னம்மா, இன்ஜின் ஓடுதா?”

“ஓடுதுப்பா. பேசாம படுங்க. நீங்க பேசினா ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.”

காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய பிறகும் அவருக்கு இதயம் இன்ஜின்தான், டாக்டர் மெக்கானிக்தான். அவளுக்கு அப்படிச் சிரிக்க வரவில்லை. அம்மா போனபின் வீட்டில் இவர்கள் இருவர் மட்டுமே. அவர் வீடு திரும்பியதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. குறட்டை நின்றால் போதும், எழுந்து வந்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். ஆம்ப்ளிஃபையரும் மைக்செட்டும் பழுது பார்ப்பது அவள் பிழைப்பு என்பதால், அந்தப் பயத்தையும் பழுது பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். பழைய ஸ்டெதாஸ்கோப்பின் குழாயை வெட்டி, அதன் வட்டத்துக்குள் ஒரு குட்டி மைக்கைப் பொருத்தி, சத்தத்தைப் பெருக்கி ஹெட்போனுக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த அறையில் படுத்தபடியே அவர் இதயத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கலாம்.

ஆனால் ஒரு வாரமாக அதில் இதயத்தைத் தவிர மற்றதெல்லாம் கேட்டது. சுவருக்குள் ஓடும் மின்சாரம் தேனீக்கூடு மாதிரி இரைந்தது, சட்டைத் துணி உரசினால் பலகையை இழைப்பதுபோல் கரகரத்தது, மின்விசிறி சுற்றுவதும் மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பதும் அப்பாவின் விலா எலும்புக்குள்ளேயே நடப்பதுபோல் முட்டி மோதின. அவளும் விடவில்லை. அடாப்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு பேட்டரி மாட்டினாள், கம்பியைச் சுற்றித் தகடு சுருட்டி எர்த்தோடு இணைத்தாள், மைக்கைச் சுற்றிக் காற்றுப் புகாதபடி ரப்பர் வைத்து அடைத்தாள், விரல் சுட்டுக்கொண்டு பற்றவைத்த இடங்களையெல்லாம் மறுபடி உருக்கிப் பற்றவைத்தாள். இன்று மாலை, ஈயம் கருகிய வாசனையும் அப்பாவின் தைல வாசனையும் கலந்து நிற்கும் இந்த அறையில், மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கடைசி இணைப்பையும் முடித்துக் காதில் வைத்தபோது, இரைச்சல் அப்படியே அடங்கிப்போனது. அதன் அடியிலிருந்து லப் டப் என்று அவர் இதயம் மேலே வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் அந்த இருமல்.

அவள் யோசித்தாள். சத்தம் எங்கோ தேங்கித் தாமதமாக வரலாம், அப்படி எத்தனையோ கருவிகளைச் சரிசெய்திருக்கிறாள். ஆனால் முந்திக்கொண்டு வருமா? மனப்பிரமைதான், தூக்கமில்லாத காது எதையாவது கேட்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். வட்டத்தின் முதுகில் நகத்தால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்காக வலது கையை உயர்த்தினாள்.

டொக் டொக்.

அவள் விரல் இன்னும் காற்றில்தான் இருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் தட்ட மாட்டேன். தட்டவே போவதில்லை. அப்படியென்றால் கேட்டது பொய்யாகிவிடும் அல்லவா? இதயம் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. மாடியில் நாற்காலி இழுபட்டது. ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் மங்கி, அலமாரியின் நிழல் தரையில் நீண்டு கட்டில் காலைத் தொட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கு மூச்சு திரும்பியது.

அப்பா கையைத் தூக்கி, அந்த வட்டத்தை விரலால் இரண்டு முறை தட்டினார்.

“ஹலோ, ஹலோ. மைக் டெஸ்டிங்.”

அவர் சிரித்தார். அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். இருமலுக்கு ஒரு மூச்சு அளவுதான் இடைவெளி இருந்தது. இதற்கு அதைவிட எவ்வளவோ அதிகம்.

“ஏம்மா முகம் வெளுத்துப்போச்சு? பயப்படாதே, வண்டி நல்ல கண்டிஷன்லதான் இருக்கு.”

“ஒண்ணுமில்லப்பா. கொஞ்ச நேரம் பேசாதீங்க.”

அவர் நல்ல பிள்ளையாக உதட்டை மூடிக்கொண்டார். அவள் கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

லப் டப். அதனூடே அவர் குரல். நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து, கிணற்றிலிருந்து வருவதுபோல். “பால் பண்ணை... கோர்ட்டு... தண்ணித் தொட்டி...”

அவர் உதடுகள் மூடியே இருந்தன.

“பெரிய பள்ளிக்கூடம்... ரெண்டாவது ரயில்வே கேட்டு...”

குரல் நின்றது. லப் டப். லப். பிறகு நீண்ட ஒரு இடைவெளி. டப்.

பிறகு ஒன்றுமில்லை.

அவள் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. கம்பியை அசைத்தாள். சரியாக இருந்தது. அவள் ஒரு வாரமாக விரட்டிய இரைச்சலில் ஒரு துளியாவது திரும்பி வரக்கூடாதா என்று ஏங்கினாள். சுத்தமான நிசப்தம். அவள் இடது கை அப்பாவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. நாடி துடித்தது. ஒழுங்காக, அமைதியாகத் துடித்தது.

அப்போது காதுக்குள் ஒரு அலறல். “அப்பா!”

அவளுடைய குரல்.

மைக்கின்மேலேயே வாயை வைத்துக் கத்தியதுபோல், அவ்வளவு பக்கத்தில். பிறகு காலடிகள். முன்பின் கேட்டிராத ஒரு ஆண் குரல்: “எவ்வளவு நேரமா இப்படி இருக்கார்?” அதற்கு அவளுடைய குரலே பதில் சொன்னது: “இப்பதான். இப்ப வரைக்கும் பேசிட்டேதான் இருந்தார்.”

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். போனை எடுத்தாள். விரல் இரண்டு முறை தப்பியது. ஆம்புலன்ஸுக்கு முகவரி சொன்னாள். பக்கத்திலேயே ஒரு வண்டி நிற்கிறது, உடனே வரும் என்றார்கள்.

“யாருக்குடா ஆம்புலன்ஸ்?” என்றார் அப்பா. “எனக்கா? எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

“சும்மா ஒரு செக்கப்புக்குத்தான்ப்பா. தூங்கிடாதீங்க. பேசிட்டே இருங்க.”

அது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது. இப்ப வரைக்கும் பேசிட்டேதான் இருந்தார். அப்படியானால் பேச்சு நிற்கக் கூடாது. பேசும்வரை உயிர் இருக்கும். நிறுத்தாமல் பேசவைத்துவிட்டால் போதும், வண்டி வந்துவிடும்.

“இப்பதானே பேசாதேன்னே?”

“இப்ப பேசுங்கப்பா. எதையாவது பேசுங்க!”

அவர் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினார். முகத்தில் பழைய மிடுக்கு வந்தது. “சரி, என் ரூட்டைச் சொல்லட்டுமா? இன்னைக்கும் கண்ணைக் கட்டிட்டு ஓட்டுவேன். டெப்போ. பால் பண்ணை...”

ஹெட்போனில் அவர் குரல் சொன்ன அதே பெயர்.

“அது வேண்டாம்ப்பா. வேற பேசுங்க.”

“இருடா, நடுவுல நிறுத்தினா மறந்துடும். கோர்ட்டு.”

“அப்பா, வேண்டாம்...”

“தண்ணித் தொட்டி.”

அவர் வாயைப் பொத்தலாமா? பொத்தினால் பேச்சு நின்றுவிடும். கை பாதி வழியில் நின்றது. மறுகையின் பிடியில் அவர் நாடி. இருக்கிறது. இருக்கிறது.

“பெரிய பள்ளிக்கூடம்.”

தெருவின் கோடியில் சைரன். வந்துகொண்டிருக்கிறது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

“ரெண்டாவது ரயில்வே கேட்டு.”

அடுத்த நிறுத்தத்தைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

அவள் கத்தவில்லை. பல்லால் உதட்டைக் கவ்வி, இரண்டு கைகளாலும் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டாள். அந்த ஒரு அலறல் மட்டும் வெளியே வராமல் இருந்துவிட்டால் மிச்சமும் நடக்காது. வராது. வரவிட மாட்டாள். அவர் நெஞ்சின்மேல் வட்டம் அசையாமல் கிடந்தது. அவள் தலை தானாகக் குனிந்தது, அவர் முகத்தை நோக்கி, அந்த வட்டத்துக்கு மிக அருகில், விரல்களுக்கு நடுவே மெல்ல மெல்லத் திறந்துகொண்டிருக்கும் வாயோடு.