ரோஜா மணக்கும் புல்

தோழர்களே, சற்று நேரம் இந்த ஆலையின் வாயிலருகே வந்து நில்லுங்கள். உள்ளே என்ன தயாராகிறது என்பதைப் பலகை பார்த்து அறிய வேண்டியதில்லை, மூக்கே சொல்லிவிடும். வரவேற்பறையிலும் குளியலறையிலும் நாம் வாங்கித் தெளித்துக்கொள்கிறோமே, அந்த வாசனைத் திரவத்தின் ரோஜா நெடி. ஒரு ரோஜாச் செடிகூட இல்லாத வளாகத்தில் பொழுதெல்லாம் ரோஜா மணக்கிறது. இங்கே நடக்கும் அநீதியை மனிதர் எவரும் முதலில் சொல்லவில்லை. ஒரு நாய் சொன்னது. சொன்ன வாயைத்தான் முதலில் கட்டினார்கள்.

அந்த நாய்க்குத் துரை என்று பெயர் வைத்தவர் வாயிற்காவலர். வேலை எதுவும் பாராமல் வேளை தவறாமல் தின்று, வருகிற லாரிகளை ஒற்றைக் கண்ணால் மட்டும் பார்த்து வைக்கிற பிராணிக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? காவலரின் மனைவி, திரவத்தைப் புட்டிகளில் நிரப்பி மூடி திருகும் கூடத்தில் வேலை பார்த்தாள். இடைவேளையில் அவள் போடும் ரொட்டித் துண்டுக்காகத் துரை நாள் முழுதும் அந்தக் கூடத்தின் இரும்புக் கதவோரப் புல்லில் படுத்துக் கிடக்கும்.

அது புல் தின்னத் தொடங்கியபோது காவலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த நாய்தான் எப்போதாவது புல்லைக் கடிக்காது? ஆனால் இது கடிக்கவில்லை, மேய்ந்தது. ரொட்டியைத் தொடாமல், கூப்பிட்டால் தலையை நிமிர்த்தாமல், வேரோடு பிடுங்கிப் பிடுங்கி, ஈரத் துணியை நிதானமாகக் கிழிப்பது போன்ற ஓசையோடு மேய்ந்துவிட்டு, முதுகு வளையக் குமட்டிப் பச்சை நுரையைக் கக்கியது. கழுவுவதற்காகக் குனிந்த காவலரின் கை வாளியோடு நின்றுவிட்டது. வாந்தி ரோஜா மணம் வீசியது.

வெளிநாட்டு வியாபாரிகள் வரும் நாளில் புல்வெளி இப்படியா கிடப்பது என்று மேலாளர் கொதித்தார். "யோவ், அது நாயா, மாடா? முதல்ல வாயைக் கட்டு" என்றார். காவலர் அதன் வாய்க்குக் கம்பிக்கூடு வாங்கி மாட்டினார். மேய்ச்சல் நின்றது. தாடை நிற்கவில்லை. கூட்டுக்குள்ளே அது வெறும் காற்றை மென்றுகொண்டே இருந்தது.

மனம் பொறுக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார். மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயை முகர்ந்தார். பிறகு, எங்கே படுக்கிறது என்று மட்டும் கேட்டார். காவலர் சொன்னதும் அவர் முகம் மாறியது. "புல்லை விடுங்க. அது எதை மூச்சா இழுக்குதுன்னு பாருங்க" என்றார்.

வாசலில் படுத்த பிராணிக்கே இந்த நிலை என்றால், கதவுக்கு அந்தப் பக்கம் நாளெல்லாம் நிற்பவளுக்கு? அந்தக் கேள்வியைக் காவலர் வழி நெடுகிலும் விழுங்கிக்கொண்டே வந்தார். சம்பளம் இரண்டும் அந்த ஆலையினுடையவை. குடியிருக்கும் அறையும் அதனுடையதே.

அன்று அந்தியில், விளக்குப் போடாத அறையில் அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கொல்லைப் பக்கத்திலிருந்து அந்த ஓசை கேட்டது. ஈரத் துணி கிழிகிற ஓசை. கூட்டைக் கழற்றிக்கொண்டு துரை மறுபடி ஆரம்பித்துவிட்டது என்று சலித்தபடி திரும்பினார். துரை கட்டிலடியில் படுத்திருந்தது. கூடு வாயிலேயே இருந்தது.

கொல்லைப்படியில் அவருக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தாள் மனைவி.

"நெஞ்செரிச்சலுங்க" என்றாள், திரும்பாமலே. "இதை மென்னா கொஞ்சம் ஆறுது. ஏன், உங்க துரைக்கு மட்டும்தான் புல்லு வளருதா?"

சிரித்தாள். பல்லிடுக்கெல்லாம் பச்சை. மூச்சில் ரோஜா.

"நீ நாளையிலேர்ந்து போக வேணாம்."

"நான் ஒருத்தி நின்னுட்டா ஆச்சா? உள்ள எல்லாரும்தாங்க திங்கிறோம்."

மறுநாள் அவள் வேலைக்குப் போகத்தான் செய்தாள். காவலர் நேரே மேலாளரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். மேலாளரோ அமைதியாகக் கேட்டுக்கொண்டார். சொன்னது நல்லதாயிற்று என்று தோளில் தட்டியும் அனுப்பினார்.

மாலை மணி அடித்தது. நிரப்புகூடத்திலிருந்து ஒருத்தியும் வெளியே வரவில்லை. மேலாளர் இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியைக் காவலர் கையில் வைத்தார். "வெளிய விட்டா மேய்ஞ்சு நம்ம பேரைக் கெடுப்பாங்க. சரக்கு முடியட்டும். நான் வர்ற வரைக்கும் திறக்காதே" என்றார். அவருடைய கார் போய்விட்டது.

காவலர் கதவெதிரே நின்றார். பொழுது சாயச் சாய மணம் தடித்தது, தொண்டையில் சர்க்கரைப் பாகாய் ஒட்டியது, கண்ணைக் கரித்தது. உள்ளிருந்து முதலில் தட்டினார்கள். பெயர் சொல்லி அழைத்தார்கள். அழுதார்கள். பிறகு தட்டல் குறைந்தது.

பிறகு தட்டவே இல்லை.

துரை எழுந்து பின்வாங்கியது. அதன் மயிர் சிலிர்த்தது.

அந்த ஓசை.

தரையோரம். மிகத் தாழ்வாக.

கதவுக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் இடுக்கு. அதன் வழியே விரல்கள் வந்தன. ஒரு கை. இன்னொரு கை. கதவின் அகலம் முழுதும் கைகள். புல்லைத் தடவின. பற்றின. பிடுங்கின. உள்ளே இழுத்துக்கொண்டன. மீண்டும் வந்தன.

மூடி திருகித் திருகி நகம் கறுத்த ஒரு கட்டைவிரல். அதை அவருக்குத் தெரியும்.

எட்டும் தூரத்தில் புல் தீர்ந்துவிட்டது. கைகள் நிற்கவில்லை. மண்ணை வாரின. உள்ளே மெல்லும் ஓசை. பல்லில் கல் நெறிபடும் ஓசை. கறுத்த நகம் மறுபடி வெளியே வந்து, மண்ணில் ஊர்ந்து, அவர் காலணியைத் தொட்டது. தடவிப் பார்த்தது. பற்றிக்கொண்டது.

சாவி அவர் கையில்தான் இருக்கிறது. கை எழவில்லை.

அவரைக் கட்டிப்போட்டது அச்சம். உங்களைக் கட்டிப்போட்டிருப்பது என்ன? எழுந்து வாருங்கள். அந்தக் கையிலிருந்து சாவியைப் பிடுங்குங்கள். கதவைத் திறங்கள்.